கழிவுநீரில் கொரோனா வைரஸைக் கண்காணிப்பது எப்படி?

கொரோனா தொற்றியவர்களில் பலருடைய மலத்தோடு அந்த வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. வெளியேறுகிறது. அறிகுறியே தோன்றாதவர்களும், பரிசோதனைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து குணமானவர்களும் இதில் அடக்கம். அதனால் ஓர் ஊரின் பாதாளச் சாக்கடை நீரைச் சோதித்தால், யார் எவர் என்று தெரியாமலேயே அந்த ஊரின் தொற்றுநிலையை அறிய முடிகிறது. நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரில், முதல் நோயாளியைப் பற்றிய தகவல் பதிவாவதற்கு ஆறு நாட்களுக்கு முன்பே, 2020 மார்ச் 5 அன்று எடுத்த கழிவுநீரில் வைரஸின் தடயம் தெரிந்தது. ஆனால் இந்த முறையில் கிடைக்கும் ஒற்றை எண்ணுக்குத் தனியே பெரிய பொருள் கிடையாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், வாரக்கணக்கில் எடுத்த எண்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அது பேசத் தொடங்குகிறது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த வரிசை கெடாமல் பார்த்துக்கொள்வதற்கானதே.

முதலில் குடிநீரைப் பற்றிய அச்சத்தை ஒதுக்கிவிடலாம். கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று இருக்கிறது. அது சிதைந்தால் வைரஸ் தொற்றும் திறனை இழந்துவிடும். அத்தகைய உறை இல்லாத ஹெபடைடிஸ் ஏ, நோரோ போன்ற குடல் வைரஸ்களைவிடக் குளோரினுக்கு இது எளிதில் அடங்கிவிடுகிறது. வடிகட்டிய நீரில், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8-க்குக் கீழே இருக்க, குளோரின் குறைந்தது 30 நிமிடம் கலந்திருந்து, அதன் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார அமைப்பு கொடுத்த வழிகாட்டல். ஆகவே குடிநீர் நிலையத்தில் கொரோனாவுக்கென்று தனிப் பரிசோதனை நடத்துவதைவிட, எஞ்சிய குளோரினையும் கலங்கலையும் நாள்தோறும் ஒழுங்காக அளப்பதே பயனுள்ள செலவு. கழிவுநீரில் நாம் அளப்பதும் உயிர்த்திறனுள்ள வைரஸை அல்ல, பெரும்பாலும் உடைந்துபோன அதன் ஆர்.என்.ஏ. துண்டுகளையே என்பதை அறிக்கையில் தெளிவாக எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் படிப்பவர் வீணாகக் கலங்குவார்.

மாதிரி எடுக்கும் இடம்

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் கழிவுநீர் நுழையும் வாயே சிறந்த இடம். கம்பிச் சல்லடையைத் தாண்டிய பிறகு, ஆனால் நிலையத்துக்குள்ளிருந்தே திரும்பி வரும் நீர் கலப்பதற்கு முன்பு எடுக்க வேண்டும். திரும்பி வரும் நீர் கலந்தால் நேற்றைய ஊரும் இன்றைய ஊரும் ஒரே புட்டியில் சேர்ந்துவிடும். அந்த நிலையத்துக்கு எத்தனை பேருடைய கழிவுநீர் வருகிறது, ஆலைக் கழிவு எவ்வளவு கலக்கிறது, மழைநீரும் அதே குழாயில்தான் வருகிறதா என்பவற்றைத் தொடங்கும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கழிவுநீர்த் தொட்டியோடு நின்றுவிடும் வீடுகள் இந்தக் கணக்கில் வரவே வராது. அவை அதிகமுள்ள ஊரில் கிடைக்கும் முடிவை முழு ஊருக்கும் பொருத்திச் சொல்லக் கூடாது.

ஒரு விடுதியையோ முதியோர் இல்லத்தையோ மட்டும் கண்காணிக்க வேண்டுமென்றால், அதன் வெளியேற்றக் குழாய் சேரும் மேன்ஹோலில் எடுக்கலாம். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஒரு விடுதியின் கழிவுநீரில் வைரஸ் தென்பட்டதும், அங்கிருந்த 311 பேரையும் சோதித்து, அறிகுறி இல்லாத இரண்டு மாணவர்களைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். இவ்வளவு சிறிய இடத்தில் எண்கள் நாளுக்கு நாள் தாறுமாறாகக் குதிக்கும் என்பதால், இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மாதிரி எடுக்கும் முறை

என் கணிப்பில் இந்த வேலையின் பெரும்பாதி ஆய்வகத்துக்கு வெளியேதான் வெற்றியோ தோல்வியோ அடைகிறது. ஒரு முறை வாளியைத் தாழ்த்தி மொண்டெடுக்கும் நீர் அந்தச் சில நிமிடங்களை மட்டுமே காட்டும். தானியங்கிக் கருவியைக் கொண்டு 24 மணி நேரமும் சிறிது சிறிதாகச் சேர்த்த கலவை மாதிரியே நம்பத்தக்கது. நீரோட்டம் கூடும்போது கூடுதலாகவும் குறையும்போது குறைவாகவும் எடுக்கும்படி கருவியை அமைத்தால் இன்னும் சிறப்பு. கருவிக்குள் இருக்கும் பாத்திரம் 4 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்ந்திருக்க வேண்டும். கருவி இல்லாத இடத்தில், பலரும் கழிப்பறைக்குச் செல்லும் காலை நேரத்தில், எப்போதும் ஒரே மணிக்கு எடுங்கள். அல்லது மடித்துக் கட்டிய பருத்தித் துணிச்சுருளைக் கயிற்றில் கட்டி ஒரு நாள் முழுவதும் நீரோட்டத்தில் தொங்கவிட்டு, பிறகு பிழிந்தெடுங்கள். இந்தத் துணிச்சுருள் முறை 1940-களில் இங்கிலாந்தில் பாராடைஃபாய்டு கிருமியைத் தேடி மூர் என்பவர் கையாண்டது. பழைய உத்திதான், இன்றும் உதவுகிறது. ஆனால் எத்தனை லிட்டர் நீர் அதன் வழியே போனது என்று தெரியாததால் அளவு சொல்ல உதவாது.

அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போதும். புட்டியின் மேல் இடம், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றை அழியாத மையால் எழுதி, அன்றைய நீரோட்ட அளவையும் மழை பெய்ததா என்பதையும் குறிப்பேட்டில் பதிந்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். ஒன்றிரண்டு நாட்களுக்குள் ஆய்வைத் தொடங்கிவிட வேண்டும். கழிவுநீரை உறையவைத்து உருக்கினால் ஆர்.என்.ஏ. குறைந்துவிடும் என்பதால், தாமதத்துக்கு அதைத் தீர்வாகக் கொள்ளாதீர்கள். மாதிரி எடுப்பவருக்குக் கையுறையும் முகக்காப்பும் நீர் புகாத காலணியும் கட்டாயம். மேன்ஹோலில் உண்மையான ஆபத்து கொரோனா அல்ல, ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆகவே தரையில் நின்றபடி குழாயையோ கயிற்றையோ இறக்க வேண்டுமே தவிர எவரும் உள்ளே இறங்கக் கூடாது.

ஆய்வகத்தில்

உறையுள்ள வைரஸ்கள் நீரில் மிதப்பதைப் போலவே திடத் துகள்களிலும் ஒட்டிக்கொள்கின்றன. புட்டியை எடுத்து, அடியில் படிந்த சாம்பல் நிற வண்டல் முழுவதும் எழும்பிக் கலங்கும்வரை தலைகீழாகப் புரட்டிய பிறகே அளந்து ஊற்றுங்கள். தெளிந்த மேல்நீரை ஒரு நாளும், கலக்கிய நீரை மறுநாளும் எடுத்தால், தொற்று ஏறி இறங்கியதைப் போன்ற பொய்த்தோற்றம் உருவாகும்.

அடுத்தது செறிவூட்டல், அதாவது நிறைய நீரில் சிதறிக் கிடக்கும் வைரஸைச் சிறிதளவு நீரில் திரட்டுவது. பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்து வீழ்படிவாக்குவது, நுண்வடிப்பான் வழியே மையவிலக்கில் சுழற்றுவது, மின்னேற்றமுள்ள சவ்வில் ஒட்டவைப்பது, காந்தத் துகள்களால் பிடிப்பது என்று வழிகள் பல. எது சிறந்தது என்று தேடிக் காலம் கழிப்பதைவிட, கையிலுள்ள கருவிக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிலைத்து நிற்பது மேல். நடுவில் முறையை மாற்றியே ஆக வேண்டுமானால், சில வாரங்களுக்குப் பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே மாதிரியில் சேர்த்து நடத்துங்கள்.

செறிவூட்டலுக்கு முன்பு ஒவ்வொரு மாதிரியிலும் அளவு தெரிந்த மாட்டுக் கொரோனா வைரஸைச் சேர்த்துவிட்டு, முடிவில் அதில் எவ்வளவு மிஞ்சியது என்று பாருங்கள். வழியில் எவ்வளவு இழந்தோம் என்பதை அது காட்டிவிடும். அது ஆய்வகம் முன்கூட்டியே வகுத்த வரம்புக்குக் கீழே போனால் மாதிரியை மறுபடியும் ஆய்வு செய்யுங்கள். கழிவுநீரில் உள்ள மட்குப் பொருட்கள், மரபுப் பொருளை நகலெடுத்துப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும், ஆர்.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்த்துச் சோதித்தும் எண் பத்தில் ஒரு பங்காகக் குறையவில்லை என்றால் தடை இருக்கிறது என்று பொருள். வெறும் நீரை மாதிரியாகப் பாவித்து எல்லாப் படிகளையும் கடக்கவைக்கும் வெற்றுச் சோதனையை ஒரு நாளும் விடாதீர்கள்.

பி.சி.ஆர். கருவி தரும் எண்ணை லிட்டர் கணக்குக்கு மாற்றும் இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 100 மில்லிலிட்டர் கழிவுநீரை 1 மில்லிலிட்டராகச் செறிவூட்டி, அதில் 200 மைக்ரோலிட்டரிலிருந்து 50 மைக்ரோலிட்டர் ஆர்.என்.ஏ. பிரித்து, அதில் 5 மைக்ரோலிட்டரை வினையில் சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். வினையில் வைரஸ் ஆர்.என்.ஏ.வின் 10 நகல்கள் தெரிந்தால், 50 மைக்ரோலிட்டரில் 100 நகல்கள். அவை 200 மைக்ரோலிட்டரிலிருந்து வந்தவை என்பதால் 1 மில்லிலிட்டரில் 500. அது 100 மில்லிலிட்டர் கழிவுநீரின் சாரம் என்பதால் லிட்டருக்கு 5,000 நகல்கள். அன்றைய நீரோட்டம் 2 கோடி லிட்டர், மக்கள் தொகை 1 லட்சம் என்றால், ஒருவருக்கு ஒரு நாளில் 10 லட்சம் நகல்கள். மழையால் நீரோட்டம் இரட்டித்துச் செறிவு 2,500 ஆகக் குறைந்தாலும் இந்தக் கடைசி எண் மாறாது. நீரோட்டக் குறிப்பை வற்புறுத்தியது இதற்காகத்தான். நீரோட்டத்தை அளக்க வழியில்லாதவர்கள், மிளகாய்ச் செடியைத் தாக்கி உணவோடு மனித மலத்தில் ஏராளமாகச் சேரும் ஒரு தாவர வைரஸை அளந்து, அதோடு ஒப்பிட்டு விகிதம் காண்கிறார்கள்.

எண்களைப் படிப்பது

வாரத்துக்கு இரண்டு மாதிரிகளாவது வேண்டும். அவற்றை மடக்கை அளவுகோலில் (ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு) குறித்து, நகரும் சராசரிக் கோட்டையும் வரையுங்கள். ஒரு புள்ளி துள்ளினால் பதறாமல், முதலில் மேலே சொன்ன கட்டுப்பாட்டுச் சோதனைகளையும் மழைக் குறிப்பையும் புரட்டுங்கள். தொடர்ந்து மூன்று புள்ளிகள் ஏறினால் சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். நகல் எண்ணிக்கையிலிருந்து இத்தனை நோயாளிகள் என்று கணக்கிட்டுச் சொல்லும்படி கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். ஒருவர் வெளியேற்றும் வைரஸின் அளவு ஆளுக்கு ஆள் பன்மடங்கு வேறுபடுகிறது, நோயின் எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. ஆர்.என்.ஏ. வரிசையைப் படிக்கும் வசதி இருந்தால், எந்தத் திரிபு எந்த விகிதத்தில் பரவுகிறது என்பதையும் அதே மாதிரியிலிருந்து பிரித்தறியலாம்.

செறிவூட்டிய மாதிரியில் ஒரு பங்கை மைனஸ் 80 டிகிரியில் பெயரிட்டுச் சேமித்து வையுங்கள். இத்தாலியில் வேறு வைரஸ்களுக்காக முன்பே சேகரித்து வைத்திருந்த கழிவுநீரைப் பின்னாளில் சோதித்தபோதுதான், மிலானிலும் டூரினிலும் 2019 டிசம்பர் 18 அன்றே கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏ. இருந்தது தெரியவந்தது.