செல்லோவில் ஹெவி மெட்டல்: பெடலைத் தொடுவதற்கு முன் வில்லைப் பழக்குவோம்

செல்லோவில் மெட்டல் வாசிக்க ஆசைப்படுகிற பலரும் முதலில் தேடுவது ஒரு டிஸ்டார்ஷன் பெடலைத்தான், அதாவது ஒலியை முரட்டுத்தனமாக்கிக் கரகரக்க வைக்கும் மின்கருவியை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெடலை மாட்டி, ஒலியைக் கூட்டி, வில்லை இழுத்தேன். தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து அறையில் இருந்தவர் என்ன உடைந்தது என்று ஓடி வந்து பார்த்தார். பெடல் மேல் குற்றமில்லை. என் வில்லில் இருந்த நடுக்கத்தை எல்லாம் அது பெரிதாக்கிக் காட்டிவிட்டது, அவ்வளவுதான். அதனால் இந்த விளக்கத்தில் மின்சாரம் கடைசியில்தான் வரும்.

வில்லை ஓரளவு நேராக இழுக்கவும், முதல் பொசிஷனில் விரல் வைக்கவும் தெரிந்திருந்தால் போதும். சாதாரண செல்லோவிலேயே எல்லாவற்றையும் பழகலாம்.

கருவியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது

செல்லோவின் நான்கு தந்திகள், தடித்ததிலிருந்து மெல்லியது வரை: சி, ஜி, டி, ஏ. அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஐந்தாம் சுர இடைவெளி, அதாவது சட்ஜம் பஞ்சம உறவு. மெட்டலின் அடிப்படைச் செங்கல்லான பவர் கார்டும் இதே ச-ப ஜோடிதான். கிட்டாரில் தாழ்ந்த தந்திகள் நான்காம் சுர இடைவெளியில் இருப்பதால் பவர் கார்டுக்கு இரண்டு விரல் வேண்டும். செல்லோவில் ஒரே விரலை இரண்டு தந்தி மேல் படுக்க வைத்தால் பவர் கார்ட் தயார். சி, ஜி இரண்டையும் விரலே வைக்காமல் சேர்த்து இழுத்தால் அதுவும் பவர் கார்டுதான்.

அடுத்தது ஆழம். வழக்கமான சுருதியில் கிட்டாரின் கடைசித் தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ். செல்லோவின் சி சுமார் 65. பிளாக் சப்பாத் என்ற மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 1971 வாக்கில் கிட்டாரை மூன்று அரைச்சுரம் தளர்த்தி அந்தக் கனத்த ஒலியைக் கொண்டுவந்தார். செல்லோவோ தளர்த்தாமலேயே அதைவிட ஒரு அரைச்சுரம் கீழே நிற்கிறது. ஹெல்சின்கியின் சிபேலியஸ் அகாடமியில் படித்த நான்கு செல்லோ மாணவர்கள் 1993ல் அபோகாலிப்டிகா என்ற குழுவைத் தொடங்கி, 1996ல் மெட்டாலிக்கா என்ற மெட்டல் குழுவின் பாடல்களை நான்கு செல்லோக்களில் வாசித்து முதல் ஆல்பம் வெளியிட்டபோது பலருக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்கலாம். தந்திக் கணக்கைப் பார்த்தால் அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

படி 1: சுருதியைக் காதால் சேருங்கள்

ட்யூனரில் நான்கு தந்தியையும் சரிபார்த்த பிறகு சி, ஜி இரண்டையும் சேர்த்து நீளமாக இழுத்துக் கேளுங்கள். ட்யூனர் காட்டும் ஐந்தாம் சுரம் சுத்தமான பஞ்சமத்தைவிட ஒரு நூலிழை குறைவு. அதனால் ஒலி மெதுவாக ஏறி இறங்கி அலையடிக்கும். சாதாரணமாக வாசிக்கும்போது இது யாருக்கும் கேட்காது. டிஸ்டார்ஷன் போட்டதும் கேட்கும். அலை நின்று, இரண்டு தந்தியும் ஒரே குரலாகும் வரை ஃபைன் ட்யூனரைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்யுங்கள்.

படி 2: வில்லில் கடி

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கிட்டார்காரர்கள் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்துத் தந்தியை அமுக்கியபடி அடிப்பார்கள். 'ஜக் ஜக்' என்ற அந்த அடைத்த ஒலிதான் மெட்டலின் இதயத்துடிப்பு. நம் வலது கையில் வில் இருப்பதால் அந்த வசதி இல்லை. ஆகவே அந்த வேலையையும் வில்தான் செய்ய வேண்டும்.

கையில் பிடிக்கும் கட்டைக்குப் பக்கத்து முடியை சி, ஜி இரண்டின் மேலும் வையுங்கள். இன்னும் இழுக்க வேண்டாம். தோளிலிருந்து கையின் எடையை மெல்ல வில்லுக்குள் இறக்குங்கள். முடி தந்தியைப் பிடித்துக்கொள்வது விரலுக்கே தெரியும். அந்தப் பிடிப்போடு மூன்று நான்கு சென்டிமீட்டர் சட்டென்று இழுத்து, அப்படியே தந்தியின் மேலேயே நிறுத்துங்கள். நின்ற வில் தந்தியை அமுக்கிவிடும்; ஒலி வெட்டுப்பட்டாற்போல் நிற்கும். நம்முடைய 'ஜக்' இதுதான். நிறுத்திய பிறகும் தந்தி முனகிக்கொண்டிருந்தால் வில்லைத் தூக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எடைக்குப் பதிலாகக் கட்டைவிரலால் வில்லை நெரிப்பது எல்லோரும் செய்கிற தப்பு. ஐந்து நிமிடத்தில் கை இறுகிவிடும், ஒலியும் கரகரக்கும். கட்டைவிரல் வலித்தால் நிறுத்திவிட்டுக் கையை உதறுங்கள். வலியோடு தொடர்வதில் வீரம் ஒன்றும் இல்லை.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு 'ஜக்' வீதம், எல்லாமே இழுப்பாக வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் வில்லைத் தூக்கித் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும்; நின்று ஒலி அடங்கிய பிறகு தூக்குங்கள். அப்புறம் இழுப்பு, தள்ளல் என்று மாறி மாறி. தள்ளல் எப்போதும் கொஞ்சம் பலவீனமாகவே கேட்கும். அதைச் சரிசெய்ய, அதே பயிற்சியைத் தள்ளலில் தொடங்கிச் செய்யுங்கள்.

அடுத்து குதிரைப் பாய்ச்சல் தாளம்: ஒரு நெடில், இரண்டு குறில். வாயால் 'தாம்-தக தாம்-தக' என்று சொல்லிப் பாருங்கள், உடனே பிடிபடும். வில்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று வீச்சு. மாறி மாறி இழுத்தால் ஒரு 'தாம்' இழுப்பில் விழும், அடுத்தது தள்ளலில் விழும், தாளம் நொண்டும். தொடக்கத்தில் 'தாம்' இழுப்பு, ஒரு சின்ன நிறுத்தம், 'த' மறுபடி அதே திசையில் இழுப்பு, 'க' தள்ளல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றும் இழுப்பிலேயே தொடங்கும். வேகம் கூடும்போது மாறி மாறி இழுக்கும் முறைக்குப் போகலாம்.

படி 3: படுத்த விரல்

நுனி விரலை மறந்துவிட்டு, முதல் விரலின் சதைப்பகுதியை சி, ஜி இரண்டின் குறுக்கே நேராகப் படுக்க வையுங்கள். விரல் சற்றுச் சாய்ந்தாலும் ஒரு சுரம் ஏறி மற்றது இறங்கி, படி 1ல் பார்த்த அலை திரும்ப வரும். அப்போது விரலை இன்னும் அழுத்தாதீர்கள்; முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தி விரலின் கோணத்தை மாற்றிப் பாருங்கள்.

படி 4: முதல் ரிஃப்

ரிஃப் என்றால் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு. கீழே 0 என்றால் விரலில்லாத சி-ஜி. 1 முதல் விரல், டி-ஏ. 2 இரண்டாம் விரல், ஈ ஃபிளாட்-பி ஃபிளாட். 4 நான்காம் விரல், எஃப்-சி.

0 0 0 2 0 0 1 1
0 0 0 4 0 0 2 1

எல்லா 0வும் படி 2ல் பழகிய குட்டை 'ஜக்'. விரல் வைக்கிற இடங்களில் மட்டும் வில்லை நன்றாக ஓடவிட்டு ஒலியைத் திறந்துவிடுங்கள். அடைத்ததும் திறந்ததும் மோதுகிற இடத்தில்தான் ரிஃபுக்கு உயிர் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் வாசித்தால் அது வெறும் விரல் பயிற்சி. சுண்டுவிரலுக்கு இரண்டு தந்தியை அமுக்கும் பலம் வராவிட்டால், முதல் விரலையே எஃப் இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன். கைக்கு வந்ததும் முதல் இரண்டு 0களின் இடத்தில் ஒரு 'தாம்-தக' போட்டுப் பாருங்கள்.

படி 5: சரி, இப்போது மின்சாரம்

குதிரையில் பொருத்தும் பீசோ பிக்கப் ஒன்று வேண்டும்; அதிர்வை மின்சார சிக்னலாக மாற்றுவது அதுதான். அதை நேராக எந்தப் பெடலிலும் செருகாதீர்கள். பீசோவைச் செருகும் கருவிக்கு ஒரு மெகா ஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீட்டு மின்தடை தேவை. இல்லாவிட்டால் தாழ்ந்த சுரங்கள் வற்றிப்போய், ஒலி தகரமாகிவிடும். நடுவில் அந்த சிக்னலைத் தயார்படுத்தும் ஒரு ப்ரீஆம்ப் வையுங்கள். அப்புறம் ஓவர்டிரைவ் என்ற மிதமான டிஸ்டார்ஷன் பெடல், அப்புறம் கிட்டார் ஆம்ப்.

டிஸ்டார்ஷனின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயினைக் கால்வாசியில் தொடங்குங்கள். கிட்டாரில் சுரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதை நீட்டிக்கவும் டிஸ்டார்ஷன் உதவுகிறது. வில்லோ சுரத்தை வேண்டிய மட்டும் தாங்கிப் பிடிக்கும், ஆகவே நமக்குக் குறைவாகவே போதும். கூட்டக் கூட்ட முடி உரசும் சத்தம்தான் முன்னால் வரும். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே அடங்கிவிடுவதால் அந்த உரசல் பாதி மறையும். ஹெட்ஃபோனிலோ கணினியிலோ நேராகக் கேட்பதானால் அந்த ஸ்பீக்கரைப் போலவே ஒலியை வடிகட்டும் கேபினெட் சிமுலேட்டர் ஒன்றைச் சேருங்கள்.

சி-ஜி ஜோடியை டிஸ்டார்ஷனில் இழுத்ததும் யாரும் வாசிக்காத ஒரு சுரம் அடியில் உறுமுவதைக் கேட்பீர்கள். ஜியின் 98க்கும் சியின் 65க்கும் உள்ள வித்தியாசம், சுமார் 33 ஹெர்ட்ஸ். சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே. ஸ்பீக்கர் சின்னதாக இருந்தாலும் அந்தக் கனம் காதுக்குத் தட்டுப்படும். மூன்றாம் சுர ஜோடிகளை இழுத்தால் இப்படிப் பொருந்தாமல் சேறாகிவிடும். மெட்டல் பவர் கார்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலியைக் கூட்டும்போது செல்லோ ஊளையிட ஆரம்பிக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் காற்று பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். விரலில்லாத ஜி தந்தியும் அதே இடம்தான். ஆம்பை உங்களை நோக்கி வைக்காதீர்கள். இரண்டு எஃப் துளைகளையும் மெத்தென்ற ஃபோம் துண்டால் அடையுங்கள், உள்ளே விழுந்துவிடாத அளவில் வெட்டி. அப்படியும் அடங்காவிட்டால் ஈக்வலைசரில் அந்த 100 ஹெர்ட்ஸ் இடத்தை மட்டும் குறையுங்கள். காதில் இயர்பிளக் இருக்கட்டும்.

இப்படி வாசிக்கும்போது வில்முடி அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த முடியைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள். ரோசின் தூளும் தந்திகளுக்குக் கீழே மாவு மாதிரி கொட்டும். அதை அன்றன்றே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், ஒரு வாரம் விட்டால் வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும்.