ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் எஸ்எஃப்பி மாட்யூல் மாற்றுவது எப்படி?

"ஹாட் ஸ்வாப் தானே" என்று சொல்லிக்கொண்டே ஒருமுறை எஸ்எஃப்பி மாட்யூலை (ஃபைபர் கேபிளை ஸ்விட்ச்சோடு இணைக்கும் சின்னச் செருகியை) உருவிவிட்டேன். ஸ்விட்ச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரே லிங்க்கை நம்பியிருந்த மாடி முழுக்க நெட் போய்விட்டது. ஹாட் ஸ்வாப் என்றால் பவரை அணைக்காமல் கழற்றலாம், அவ்வளவுதான். செருகும்போது முதலில் கிரவுண்டு, அப்புறம் பவர், கடைசியில் சிக்னல் என்று முனைகள் வரிசையாகச் சேரும்; அது காப்பாற்றுவது கருவியை. சேவையைக் காப்பாற்ற இன்னொரு வழி வேண்டும்.

1. மாற்று வழியைப் பாருங்கள்

இரண்டு 10 ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட்) லிங்க்குகளை எல்ஏசிபியில் (பல லிங்க்குகளை ஒன்றாக இயக்கும் முறை) சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 6 ஜி ஓடினால், ஒன்றைக் கழற்றியதும் 12 ஜி ஒரே குழாயில் நுழையப் பார்க்கும். நுழையாது. கூட்டம் குறைந்த நேரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். ஒரே லிங்க் மட்டும்தான் என்றால், தடங்கல் இருக்கும் என்று முன்கூட்டியே அறிவிப்பதுதான் நேர்மை.

2. புது மாட்யூல்

எதிர்முனையோடு பொருந்த வேண்டும். எல்ஆர் (நெடுந்தூர வகை) என்றால் ஒளியின் அலைநீளம் 1310 நானோமீட்டர், சிங்கிள் மோட் ஃபைபர். எஸ்ஆர் (குறுந்தூர வகை) என்றால் 850, மல்டிமோட் ஃபைபர். சில ஸ்விட்ச்சுகள் வேறு நிறுவன மாட்யூலை ஏற்காது. காலியான போர்ட்டில் செருகிப் பார்த்துவிடுங்கள்.

3. ட்ராஃபிக்கை நகர்த்துங்கள்

உண்மையான வேலை இதுதான். ஓஎஸ்பிஎஃப் (காஸ்ட் குறைந்த பாதையைத் தேர்ந்தெடுக்கும் ரூட்டிங் முறை) ஓடினால் அந்த லிங்க்கின் காஸ்ட்டை இரண்டு முனையிலும் கூட்டுங்கள். பலரும் இந்தப் பக்கம் மட்டும் கூட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ட்ராஃபிக் இன்னும் வந்துகொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. அந்த போர்ட்டின் ட்ராஃபிக் அளவு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கும்வரை பொறுங்கள். பிறகு போர்ட்டைக் கட்டளை மூலம் அணையுங்கள். எல்ஏசிபி என்றால் அந்த ஒரு போர்ட்டை அணைத்தால் போதும். மிஞ்சினால் ஓரிரு பாக்கெட் விழலாம்.

4. இப்போதுதான் கை வைக்க வேண்டும்

மணிக்கட்டில் எர்த் பட்டை (உடலின் நிலைமின்சாரத்தை வடிக்கும்). எந்த போர்ட்டின் விளக்கு அணைந்தது என்று கண்ணால் பாருங்கள். 12-ஐ அணைத்துவிட்டு 21-ஐ உருவியவர்கள் நிறைய. முதலில் ஃபைபரைக் கழற்றி, மூடியைப் போடுங்கள். ஃபைபர் முனையை உற்றுப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. கொக்கியை இறக்கி, நேராக இழுங்கள். புதியதை 'க்ளிக்' கேட்கும்வரை தள்ளுங்கள். ஃபைபர் முனையைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள்.

5. திரும்பக் கொண்டுவருதல்

போர்ட்டை இயக்கி, லிங்க் வந்ததும் உள்வரும் ஒளி அளவைப் படியுங்கள். 10 ஜி எல்ஆருக்கு மைனஸ் 14.4 டிபிஎம் (ஒளித் திறனின் அலகு) வரை குறைந்தாலும் தாங்கும். அதை ஒட்டி நின்றால் முனை அழுக்காக இருக்கும், இல்லை ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கும். சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை) பத்து நிமிடம் ஏறாமல் இருந்தால் காஸ்ட்டைப் பழைய அளவுக்கு இறக்குங்கள்.

கழற்றிய மாட்யூலில் 'பழுது' என்று உடனே எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் யாராவது அதையே எடுத்துச் செருகுவார்கள்.