அத்தையோடு ஒரு சுற்று: ஊரூர் குப்பம், உடைந்த பாலம், அப்புறம் காபி

என் மாமியாருக்கு 72 வயது. இரண்டு முட்டியிலும் வலி. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் அவரே முனகாமல் சுற்றி வருகிற பாதை இது, அதனால் மற்றவர்கள் தைரியமாக இறங்கலாம். மொத்தம் நான்கைந்து கிலோமீட்டர் இருக்கும். நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டே போனால் இரண்டு மணி நேரம்.

29சி பிடித்து பெசன்ட் நகர் பஸ் நிலையத்தில் இறங்குங்கள். கடலைப் பார்த்து நடந்தால் எலியட்ஸ் பீச். அங்கே வெள்ளை வளைவுகளோடு நிற்பது ஷ்மிட் நினைவகம். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியது. இந்தக் கடலில் குளிக்கலாமா என்று யாராவது கேட்டால், நான் அந்தக் கட்டடத்தைக் கை காட்டிவிடுவேன்.

சூரியன் எழும்போது நீங்கள் மணலில் இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஆறரை மணி. மே மாதம் என்றால் ஆறுக்கு முன்பே. முதலில் மணல், பிறகு தெரு என்பதுதான் சரியான வரிசை. மாற்றிப் போனால் எட்டரை மணிக்குச் சுடுமணலில் மாட்டிக்கொள்வீர்கள். நினைவகத்திலிருந்து வடக்கே திரும்பி, அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலிலேயே நடங்கள். மேலே உலர்ந்த மணலில் ஒவ்வொரு அடிக்கும் கால் புதையும், முட்டி பழிவாங்கும். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டரை ஒட்டித்தான் என்பதால், நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டியதில்லை.

சிறிது தூரத்தில் ஊரூர் குப்பம், அதை ஒட்டி ஆல்காட் குப்பம். பக்கத்திலேயே இருக்கும் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான ஆல்காட்டின் பெயர்தான் குப்பத்துக்கும். இங்கே செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். மணலில் தூண்டில் முள் கிடக்கும். வலையை மட்டும் மிதிக்காதீர்கள். முதல் தடவை வந்தபோது என் கால் விரல் நகம் வலைக்கண்ணில் மாட்டி, அப்படியே இழுத்துவிட்டேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஊசியைக் கீழே வைத்து, என் விரலை விடுவித்த பிறகுதான் திட்டினார். "ரோட்ட பாத்து நடக்குற மாதிரி வலைய பாத்து நடம்மா." நியாயம்தானே.

பைபர் படகுகள் கரையேறும் நேரம் இது. வலையை உதறும்போது காணாங்கத்தையும் சங்கராவும் மணலில் தெறிக்கும். அத்தைக்கு ஊர் தூத்துக்குடி. "சாளை இருக்கா?" என்று கேட்டார். மீன் விற்கிற அக்கா முழித்தார். அத்தையே விரலால் காட்ட, "இதுவா? இது கவளைம்மா!" என்று சிரித்தார். சீலா என்றால் இங்கே வஞ்சிரம் என்பதையும் அன்றே கற்றுக்கொண்டார் அத்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான், இந்தச் சின்னப் படகுகளுக்கு இல்லை. அப்போதும் மீன் கிடைக்கும், விலைதான் எகிறும். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் வேலை செய்கிற இடம் அது.

குப்பம் தாண்டினால் கூட்டம் போய்விடும். அடம்பங்கொடி மணலில் படர்ந்து கிடக்கும். ஊதாப் பூ காலையில்தான் விரிந்திருக்கும். ராவணன் மீசை என்கிற முள்ளுப் புல்லை அத்தை இங்கேதான் காட்டிக்கொடுத்தார். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். டிராக்டர் டயர் பதிந்தது போல் மணலில் தடம் தெரிந்தால், அதைக் கலைக்காமல் சுற்றிப் போங்கள்.

முடிவில் அடையாறு முகத்துவாரம். நாற்றம் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கொக்கும் ஆலா என்கிற கடற்பறவையும் இருக்கும். மணல் திட்டு போட்டு ஆழமில்லாதது போல் தெரிந்தாலும் ஆற்றில் இறங்காதீர்கள். இழுப்பு மேலே தெரியாது. உடைந்த பாலம் அங்கேதான். 1967இல் கட்டி, 1977இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அக்கரையில் சீனிவாசபுரம், கூப்பிடு தூரத்தில். பாலத்தின் நுனிக்குப் போகவே வேண்டாம். போலீஸ் தடுப்பு இருந்தால் வாக்குவாதம் பண்ணாமல் அங்கேயே திரும்பிவிடுங்கள். இருட்டிய பிறகு இந்தப் பக்கமே வேண்டாம்.

திரும்பும்போது மணலை விட்டு, சபையின் மதில் பக்கமாகவே தெற்கே வந்து, குப்பத்துத் தெரு வழியாக பெசன்ட் நகருக்குள் நுழையுங்கள். இனி மர நிழல், கடைசியில் ஒரு காபிக் கடை. தெம்பிருந்தால் வேளாங்கண்ணி கோயில், அஷ்டலட்சுமி கோயில் வரை நீட்டலாம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதா திருவிழாக் கூட்டம், அந்த நாட்களில் அந்தப் பக்கம் நடக்கவே முடியாது.

மீன் எப்போது வாங்குவது என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. வரும்போது வாங்கலாம் என்பேன் நான். நல்லது போய்விடும் என்று அத்தை போகும்போதே வாங்கி, பாலம் வரை தூக்கி வருவார். ஒருநாள் பிளாஸ்டிக் பை ஓட்டையாகி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் புடவையில் சொட்டிவிட்டது. இப்போது மூடி வைத்த எவர்சில்வர் தூக்கு கொண்டுபோகிறோம். காபிக் கடையில் அதை மேசைக்கு அடியில், அத்தையின் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்வோம்.