டெலிகேட் ஆர்ச்சைப் படம் எடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஏப்ரலில் ஒரு மாலை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் இருக்கும் டெலிகேட் ஆர்ச் என்ற இயற்கைப் பாறை வளைவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ட்ரைபாடும் கையுமாக வந்த நாலைந்து பேர், 2007-ல் முதல்முறை வந்தபோது நான் செய்த அதே தவறுகளை ஒவ்வொன்றாகச் செய்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர், தொப்பி, நல்ல ஷூ எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பெயரைப் பார்த்து வண்டியை நிறுத்துவது

நடைபாதை தொடங்கும் இடமான உல்ஃப் ரான்ச்சைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் 'டெலிகேட் ஆர்ச் வியூபாயின்ட்' என்று பலகை வரும். பலரும் அங்கே இறங்கிவிடுகிறார்கள். அங்கிருந்து வளைவு ஒரு மைல் தள்ளி, பள்ளத்துக்கு அப்பால், விரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். பக்கத்தில் போக வேண்டுமென்றால் உல்ஃப் ரான்ச்சிலிருந்து நடக்க வேண்டும். போய்வர 3 மைல், சுமார் 480 அடி ஏற்றம், வழியில் நிழல் என்று எதுவும் கிடையாது.

சூரியன் இறங்கும்போது ஏறத் தொடங்குவது

இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

வைட் லென்ஸை மட்டும் நம்புவது

வளைவின் திறப்பு 46 அடி உயரம், 32 அடி அகலம். அதற்குப் பின்னால் லா சால் மலைகள், வசந்தத்தில் உச்சியில் பனியோடு நிற்கும். வைட் லென்ஸில் அந்த மலை வெறும் கோடாகிவிடுகிறது. 50 மி.மீ.க்கு மேல் போங்கள், வளைவுக்கு முன்னால் குழிந்திருக்கும் பாறையின் விளிம்பிலேயே பின்வாங்கி நில்லுங்கள். மலையும் வளைவும் ஒன்றாக வரும்.

பாதையை விட்டு மண்ணில் இறங்குவது

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான்.

முதல் தடவை, எல்லோரும் எடுக்கும் கோணம் வேண்டாம் என்று பாதையிலிருந்து முப்பதடி விலகி, ஜூனிபர் செடிகளுக்கு நடுவே ட்ரைபாடை ஊன்றினேன். வெறும் மண்தானே என்ற நினைப்பு. அந்தப் பக்கமாக வந்த ஒரு வயதான அம்மா நின்று, "கீழே குனிந்து பாருங்கள்" என்றார். குனிந்தேன். கருகிய பணியாரத்தின் மேல்தோல் போல, கறுப்பாக, மேடும் குழியுமாக இருந்தது தரை. விரல் நுனி உயரத்துக்குச் சின்னச் சின்னக் கோபுரங்கள். அவற்றின் நடுவே என் ஷூவின் தடம், உள்ளே பொடிப்பொடியாக வெளிர் மணல்.

அது உயிருள்ள தரை. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரிகள் ஈரம் பட்டதும் விழித்து, மணலுக்குள் நூல் நூலாக ஊர்ந்து போகும். அந்த நூல்களின் பிசுபிசுப்பான உறை மணல் துகள்களைக் கோத்துப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகும் பிடி விடாது. பாசியும், கல்பாசி வகையான லைக்கனும் அதன்மேல்தான் வளரும். காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து இந்த வறண்ட மண்ணுக்குச் சத்து சேர்ப்பதும் அதுதான். காய்ந்திருக்கும்போது ஒரு மிதி போதும், நொறுங்கிவிடும். நொறுங்கிய இடத்து மணலைக் காற்று தூக்கிப் பக்கத்துப் படலத்தின்மேல் கொட்டும். வெளிச்சம் இல்லாமல் அதுவும் சாகும். மறுபடி தேறப் பல வருடம் ஆகும், பாசிக்கும் லைக்கனுக்கும் இன்னும் அதிகம்.

ஒருவர் தடம் பதித்தால் அடுத்தவர் அதையே பாதை என்று நினைத்துக்கொள்கிறார் என்பதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். அன்று மாலை அந்த நாலைந்து பேரும் அப்படித்தான் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். போய்ச் சொன்னேன். ஒருவர் உடனே மன்னிப்புக் கேட்டார், இன்னொருவர் "ஒரே ஒரு படம்தான்" என்றார். நானும் 2007-ல் ஒரே ஒரு படத்துக்குத்தான் இறங்கினேன்.

பாறை, பாதை, மழைநீர் ஓடிக் காய்ந்த மணல் ஓடை, இந்த மூன்றில் மட்டும் கால் வையுங்கள். தெரியாமல் இறங்கிவிட்டால், வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்புங்கள்.

கல் அடுக்குவது

வெறும் பாறையில் வழி காட்டுவதே ஆங்காங்கே அடுக்கிவைத்திருக்கும் கல் குவியல்கள்தான். அழகுக்கு நீங்கள் ஒன்று அடுக்கினால், இருட்டில் இறங்குகிற யாரோ வழி தவறுவார்கள்.

வளைவின்மேல் ஏறுவது

கூடாது. சட்டப்படியும் தடை.

அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பது

மணல் துகள்களை ஒட்டவைத்திருக்கும் சுண்ணச் சத்தைத் தண்ணீர் கரைக்கிறது. வெடிப்புக்குள் உறையும் நீர் பாறையைப் பிளக்கிறது. வளைவை உண்டாக்குவதும் இதுதான், வீழ்த்துவதும் இதுதான். 1991-ல் இதே பூங்காவில் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து சுமார் 60 அடி நீளப் பாளம் பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள்.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பாதை ஓரத்திலேயே வால் ஆர்ச் இருந்தது. 71 அடி அகலம். 2007-ல் நடந்துகொண்டே ஒரு படம் எடுத்தேன், கேமராவைச் சரியாக நிறுத்தக்கூட இல்லை. 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் அது இடிந்து விழுந்தது. என்னிடம் இருப்பது கொஞ்சம் ஆடிப்போன அந்த ஒரு படம்தான்.