கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போடப்போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

கடை போடணும்னு முடிவு பண்ணதும் நம்ம ஆளுங்க மொதல்ல ஓடுறது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான், ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (கரண்ட் குடுக்கற பாக்ஸ்)னு கைல இருக்கற காசையெல்லாம் போட்டு ரேக்கை நிரப்பிடறாங்க. அப்புறம் வர்ற மெஷினுக்கு டிடிஆர் 3 வகை ராம் வேணும்பாங்க, உங்ககிட்ட டிடிஆர் 4 மட்டும்தான் கெடக்கும். டெஸ்ட் பண்ணிப் பாக்க வகைக்கு ஒண்ணு இருந்தா போதுங்க, மிச்சத்த வேலை வந்தப்புறம் வாங்கிக்கலாம். சின்னத் தொழில் பண்றவங்க அரசாங்கத்துல பண்ற உத்யம் பதிவுக்கு யாராவது காசு கேட்டாலும் குடுத்துடாதீங்க, அரசாங்க சைட்ல அது ஃப்ரீ.

அடுத்தது, எதையும் எழுதி வெச்சுக்காம கஸ்டமர்கிட்டேர்ந்து மெஷின ரிப்பேருக்கு வாங்குறது. "சார்ஜரும் சேத்துத்தானே குடுத்தேன்", "ஸ்கிரீன மடக்குற ஹிஞ்ச் நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு ரெண்டு நாள் கழிச்சு வந்து நிப்பாங்க, அவங்க மேலயும் தப்பில்ல, யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால அவங்க எதிர்லயே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஜாப் கார்டுல சீரியல் நம்பர், என்ன கம்ப்ளைன்ட்னு எழுதி கையெழுத்து வாங்கிடுங்க.

இதெல்லாம் கூட சமாளிச்சுடலாம், டேட்டா போனா சமாளிக்கவே முடியாது. நான் கடை போட்ட புதுசுல ஒரு மளிகை மொத்த வியாபாரியோட சிஸ்டம் வைரஸ்னு வந்துச்சு. டி டிரைவ்லதான் எல்லாம் இருக்குன்னு அவரே சொன்னாரு, நானும் நம்பி சி டிரைவை ஃபார்மட் அடிச்சிட்டேன். டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேரோட டேட்டா ஃபோல்டர், நாம மாத்தி வைக்காத வரைக்கும், சி டிரைவ்லதான் இருக்கும்னு அன்னிக்கு எனக்குத் தெரியல. வந்து டேலிய ஓபன் பண்ணாரு, கம்பெனி பேரே காட்டல. திட்டக்கூட இல்லங்க, அப்படியே சேர்ல உக்காந்துட்டாரு. பழைய பில்லு கட்டையெல்லாம் எடுத்துட்டு வந்து நானும் அவரு பையனும் மூணு ராத்திரி உக்காந்து திரும்ப என்ட்ரி போட்டோம். அன்னிலேர்ந்து கஸ்டமர் என்ன சொன்னாலும் டிஸ்க் முழுசையும் ஒரு காப்பி எடுக்காம நான் ஃபார்மட்ல கை வைக்கறதில்ல. டிஸ்க்ல சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணிடுங்க, ஸ்கேன் போட்டுப் போட்டு இருக்கறதையும் கெடுத்துடாதீங்க. இப்ப வர்ற விண்டோஸ் 11 லேப்டாப் பலதுல டிஸ்க்கப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் தானாவே ஆன் ஆகியிருக்கு, பயாஸ்ல (மெஷின் ஸ்டார்ட் ஆகறப்ப வர்ற செட்டிங்ஸ்ல) எதையாவது மாத்தினா 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும், அது கஸ்டமரோட மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா தொடுங்க.

கிராக் விண்டோஸ், அதாவது லைசென்ஸ் வாங்காத திருட்டு விண்டோஸ், போட்டுக் குடுக்கவே குடுக்காதீங்க. அத ஓட வைக்கற ஆக்டிவேட்டரோட சேந்து வைரஸும் வரலாம், தவிர திருட்டு சாஃப்ட்வேர்னு தெரிஞ்சே யூஸ் பண்றவங்களுக்கே காப்பிரைட் சட்டத்துல ஜெயிலும் 50,000 ரூபாய்லேர்ந்து 2 லட்சம் வரைக்கும் அபராதமும் இருக்கு, நம்மள நம்பி வந்தவங்கள நாமளே எதுக்கு மாட்டிவிடணும்.

இன்னொண்ணு, பாஸ்வேர்டு தெரியுதேன்னு கஸ்டமரோட போட்டோ ஃபோல்டர ஓபன் பண்ணாதீங்க, கடைல வேலை செய்யற பசங்களையும் பண்ண விடாதீங்க. காலேஜ் பொண்ணுங்க லேப்டாப்ப விட்டுட்டுப் போகவே பயப்படறாங்க, அதுல நியாயம் இருக்கு. ராம் மாத்துறது, ஃபேன் கிளீன் பண்றது மாதிரி சின்ன வேலைன்னா ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு அவங்க கண்ணு முன்னாடியே முடிச்சுக் குடுத்துடுங்க.