இ-பைக் மாதிரி பெரிய சாமான கொரியர்ல அனுப்புறது எப்படி? பில் எகிறாம, பொருள் உடையாம

முதல் தடவ பெரிய சாமான கொரியர்ல போடுறவங்க எல்லாரும் கேக்குறது இதுதான், பெட்டியோட சேத்தே 28 கிலோதான் வருது, பில்லுல ஏன் 56 கிலோன்னு போட்டிருக்கு? ஏமாத்து வேலன்னு சண்டைக்குப் போயிடாதீங்க, அவங்க காசு வாங்குறது லாரிலயும் பிளைட்லயும் உங்க பெட்டி அடைக்கிற இடத்துக்கு. அந்தக் கணக்க ரெண்டாவது ஸ்டெப்ல பாப்போம், அதுக்கு முன்னாடி பேட்டரி கதைய முடிச்சிடணும், ஏன்னா எல்லாம் பேக் பண்ணி புக்கிங்கும் போட்டப்புறம் "லித்தியம் பேட்டரி எடுக்க மாட்டோம்"னு சொன்னாங்கன்னா செஞ்ச வேல அத்தனையும் வீண்.

ஸ்டெப் 1: பேட்டரி

பேட்டரி மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல வோல்ட்டும் ஆம்பியர்-ஹவரும் இருக்கும், ரெண்டையும் பெருக்குங்க, அதான் வாட்-ஹவர். 36 வோல்ட், 14 ஆம்பியர்-ஹவர்னா 504 வருது. சின்ன பேட்டரிக்குக் குடுக்குற சலுகையெல்லாம் 100 வாட்-ஹவரோட நின்னுடும், போன், சாதா லேப்டாப் எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும், இ-பைக் பேட்டரி அடங்காது. அதனால அது 9-ம் வகுப்பு ஆபத்தான சரக்கு. இந்த மாதிரி சரக்குக்கெல்லாம் ஐநா ஒரு அடையாள நம்பர் வச்சிருக்கு, அதான் யுஎன் நம்பர். தனி பேட்டரின்னா யுஎன் 3480, கழட்டி வண்டியோட ஒரே பெட்டில வச்சா யுஎன் 3481, வண்டிலயே மாட்டியிருந்தா 2025-லேர்ந்து விமான விதிப்படி யுஎன் 3556. இந்த நம்பர மனப்பாடம் பண்ண வேணாம், ஆனா கொரியர்காரங்ககிட்ட நம்பரச் சொல்லி "இத எடுப்பீங்களா"ன்னு கேட்டா நேரா பதில் வரும், "சைக்கிள் ஒண்ணு அனுப்பணும்"னு கேட்டா எடுப்போம்னு சொல்லிட்டு அப்புறம் கைய விரிப்பாங்க.

தனி பேட்டரிய பயணிகள் விமானத்துல சரக்கா ஏத்துறது 2016 ஏப்ரல்லேர்ந்தே தடை. சரக்கு விமானத்துல போகலாம், ஆனா சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது, யுஎன் 38.3-ங்கற லித்தியம் பேட்டரி பாதுகாப்பு டெஸ்ட் பாஸான பேட்டரியா இருக்கணும், அந்தப் பேப்பர தயாரிச்ச கம்பெனிகிட்டயோ வித்தவங்ககிட்டயோ முன்னாடியே கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. உப்பிப்போன, அடிபட்ட பேட்டரிய பிளைட்ல அனுப்பவே முடியாது.

என்னோட அபிப்பிராயம், வாங்குறவருக்கு அவர் ஊர்லயே அதே பேட்டரி கிடைக்கும்னா வண்டிய மட்டும் அனுப்புங்க. பாதி தலவலி அங்கயே போயிடும். "ஸ்பேர் பார்ட்ஸ்"னு எழுதி பேட்டரிய உள்ள சொருகி அனுப்புங்கன்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, ஸ்கேன்ல மாட்டுனா பெட்டி அங்கயே நின்னுடும், அபராதம் வரலாம், தீப்பிடிச்சா இன்சூரன்ஸும் கிடையாது.

ஸ்டெப் 2: அளந்து கணக்குப் போடுங்க

நீளம், அகலம், உயரம் மூணையும் செ.மீ-ல பெருக்கி 5000-ஆல வகுத்தா வர்றதுதான் வால்யூம் எடை. சில இடத்துல 6000-ஆல வகுப்பாங்க, ரோடு சர்வீஸ்ல 4000-னு கூட வச்சிருப்பாங்க, அத மொதல்ல கேட்டுக்கோங்க. நிஜ எடை, வால்யூம் எடை ரெண்டுல எது பெருசோ அதுக்குத்தான் பில்.

140 × 80 × 25 பெட்டின்னா 2,80,000, அத 5000-ஆல வகுத்தா 56 கிலோ. அதே வண்டிய இன்னும் கொஞ்சம் கழட்டி 135 × 75 × 22-க்குள்ள அடக்குனா 45 கிலோவுக்குள்ள வந்துடும். வண்டி எடை துளிகூட மாறல, பில்லுல 11 கிலோ காணாமப் போச்சு.

இன்னொரு அளவும் இருக்கு, இதத்தான் நிறைய பேரு விட்டுடுறாங்க. நீளத்தோட, அகலத்தையும் உயரத்தையும் கூட்டி ரெண்டால பெருக்கி சேக்கணும். மேல பாத்த ரெண்டுல பெரிய பெட்டி 350 செ.மீ, சின்னது 329. சில கம்பெனில 300 தாண்டுனாலே, சிலதுல 330 தாண்டுனா பெரிய பார்சல்னு தனியா ஒரு தொகை போடுவாங்க, 400 பக்கம் போனா எடுக்கவே மாட்டாங்க. அங்க அளக்குறது மெஷின், பெட்டி எங்க அதிகமா புடைச்சிருக்கோ அந்த இடத்தத்தான் எடுக்கும். 329-க்கு கச்சிதமா பெட்டி பண்ணிட்டு உள்ள துணியத் திணிச்சு வயிறு 2 செ.மீ தள்ளுனா 333, முடிஞ்சுது. அதனால பேக் பண்ணி முடிச்சு டேப் ஒட்டுனப்புறம் மறுபடி அளந்து, அளக்குற டேப்ப வச்சபடியே ஃபோட்டோ எடுத்து வைங்க, பின்னாடி "எடை வித்தியாசம்"னு கூடுதல் பில் வந்தா காட்ட அது ஒண்ணுதான் இருக்கும்.

ஸ்டெப் 3: கொரியரா, லாரி சர்வீஸா

ஒரே பெட்டி, எடை, அளவு ரெண்டும் லிமிட்டுக்குள்ள இருக்குன்னா கொரியர். ரெண்டு மூணு வண்டின்னா பேலட்ல (அடில வைக்கிற மரத்தட்டு) கட்டி, மத்தவங்க சரக்கோட சேந்து போற பார்ட் லோடா லாரில போடுறது பெரும்பாலும் லாபம், கைமாறுறதும் கம்மி. ஆனா லாரிக்காரங்க வாசல் வரைக்கும்தான், சில நேரம் டிப்போவுக்குப் போய் நீங்களே எடுத்துக்கணும், இறக்க லிஃப்ட் வச்ச வண்டி வேணும்னா அதுக்குத் தனி காசு.

ஸ்டெப் 4: கழட்டி பேக் பண்ணுங்க

அஞ்சு லேயர் இல்ல ஏழு லேயர் அட்டைப்பெட்டி எடுங்க, மூணு லேயர் தாங்காது. பெடல் ரெண்டையும் கழட்டணும், இடது பக்க பெடல் மரை தலைகீழ், சாதாரணமா திருகுற மாதிரி திருகுனா இன்னும் இறுகும், அத மனசுல வச்சுக்கோங்க. ஹேண்டில்பார கழட்டி ஃபிரேமோட சேத்துக் கட்டுங்க, டிஸ்ப்ளேவ கழட்டி தனியா சுத்துங்க. முன் வீல எடுத்தப்புறம் ஃபோர்க்கோட ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் கட்டையோ மரக்கட்டையோ வச்சே ஆகணும், இல்லன்னா மேல ஒரு பெட்டி விழுந்தா ஃபோர்க் வளஞ்சிடும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குன்னா பேட் நடுவுல மடிச்ச அட்டையாவது சொருகுங்க, வீல் இல்லாதப்ப யாராவது லிவர அமுக்குனா பேட் ரெண்டும் ஒட்டிக்கும். பின் வீல்ல மோட்டார் இருந்தா அத கழட்ட வேணாம், ஆனா ஆக்ஸில் நட்டு பெட்டிய குத்திக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும், அங்க கெட்டியான பிளாஸ்டிக் மூடி போடுங்க. கியர் மாத்துற டீரெய்லர கழட்டி உள்பக்கமா கட்டிடுங்க. நட்டு, போல்ட் எல்லாம் ஒரு பையில போட்டு ஃபிரேம்லயே கட்டுங்க, பெட்டிக்குள்ள தனியா உருள விட்டா பெயிண்ட் போச்சு.

ஸ்டெப் 5: கோட் (எவ்வளவு ஆகும்னு அவங்க குடுக்குற ரேட்), இன்சூரன்ஸ்

கோட் வாங்கும்போது அடிப்படை ரேட்ட மட்டும் பாக்காதீங்க, டீசல் சார்ஜ், வீட்டு டெலிவரி சார்ஜ், தூரத்து ஏரியா சார்ஜ், பெல்ட்ல ஓடாத பார்சல் சார்ஜ், ஆபத்தான சரக்கு சார்ஜ், இத்தனையும் சேத்து எவ்வளவுன்னு எழுத்துல கேளுங்க. பார்சல் திரும்பி வந்தா யார் காசுங்கறதையும் அப்பவே கேட்டுடுங்க.

இன்சூரன்ஸ் போடலன்னா கிடைக்கிறது ரொம்பக் கம்மி. நாடு விட்டு நாடு ரோட்டுல போனா, சிஎம்ஆர் ஒப்பந்தத்துல இருக்குற நாடுகளுக்கு நடுவுல கிலோவுக்கு 8.33 எஸ்டிஆர்தான் அதிகபட்சம், எஸ்டிஆர்ங்கறது ஐஎம்எஃப் வச்சிருக்குற கணக்கு அலகு. பிளைட்ல போனா மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2024 டிசம்பர் கடைசிலேர்ந்து கிலோவுக்கு 26 எஸ்டிஆர். வேடிக்கை என்னன்னா இது நிஜ எடைக்கு, காசு வாங்கும்போது நீங்க 56 கிலோ, நஷ்டஈடு குடுக்கும்போது 28 கிலோ! அதனால வண்டியோட முழு மதிப்புக்கும் தனியா இன்சூரன்ஸ் போடுங்க, "பேக்கிங் சரியில்ல"ன்னு சொல்லி கிளெய்ம தள்ளிவிடுற வரி அந்தப் பாலிசில எப்படி எழுதியிருக்குன்னு படிச்சுட்டுப் போடுங்க, பேக் பண்ணும்போது ஒவ்வொரு கட்டத்துலயும் எடுத்த ஃபோட்டோ அங்கதான் உதவும்.

ஸ்டெப் 6: வாங்குறவர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க

பெட்டி கிழிஞ்சோ நசுங்கியோ வந்தா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே டெலிவரி ஷீட்லயே அத எழுதச் சொல்லுங்க. வெளிய நல்லா இருந்து உள்ள உடஞ்சிருந்தா ரோட்டுல வந்த சரக்குக்கு சிஎம்ஆர் குடுக்குற டைம் 7 நாள், ஞாயிறும் லீவு நாளும் இதுல சேராது, பிளைட்ல வந்ததுக்கு மான்ட்ரியல்படி 14 நாள், ரெண்டுக்கும் எழுத்துல புகார் போகணும், போன்ல சொன்னது கணக்கே இல்ல. சில கொரியர் அவங்க கண்டிஷன்ல இன்னும் கம்மி டைம் கூட போட்டிருப்பாங்க, அதையும் பாத்துக்கோங்க. கிளெய்ம் முடியிற வரைக்கும் பெட்டியையும் உள்ள வச்ச பேக்கிங்கையும் தூக்கிப் போட வேணாம், ஆளு வந்து பாக்கணும்னு கேப்பாங்க.