சென்னை–சிங்கப்பூர்: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

டிக்கெட்டில் இரவு 11.00-க்குக் கிளம்பி அதிகாலை 5.45-க்கு இறங்கும் என்று போட்டிருந்தால், ஆறே முக்கால் மணி நேரம் பறக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். கிளம்பும் நேரம் சென்னைக் கடிகாரம், இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரம். அந்த ஊர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் மிச்சம் நாலே கால் மணி நேரம், அவ்வளவுதான். திரும்பும்போது அதே இரண்டரையைக் கூட்டுங்கள்: அங்கே இரவு 9.00-க்குக் கிளம்பி இங்கே 10.40-க்கு இறங்கினால், பயணம் 4 மணி 10 நிமிடம்.

சரி, தூரம்? மேப்பில் விமான நிலையத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். மீனம்பாக்கத்துக்கு 12.99, 80.17, சாங்கிக்கு 1.36, 103.99. முதல் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. அட்சரேகை வித்தியாசம் 11.63. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கி.மீ. என்று பெருக்கினால் 1,291. தீர்க்கரேகை வித்தியாசம் 23.82, பூமத்திய ரேகையை விட்டுத் தள்ளிப் போகப் போக அந்தக் கோடுகள் நெருங்குவதால், நடு அட்சரேகையான 7.2 டிகிரியின் கொசைனாலும், அதாவது 0.992-ஆலும், பெருக்க வேண்டும். சுமார் 2,620 வரும். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், பள்ளியில் படித்த பிதாகரஸ்தான்: 2,920 கி.மீ. சொச்சம். உருண்டைப் பூமிக்கான முழுச் சூத்திரத்தில் போட்டாலும் கிட்டத்தட்ட இதுதான் வருகிறது. ஆனால் லண்டன், சான் பிரான்சிஸ்கோ மாதிரி தூரத்து ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி ஆகாது, அதற்கு அந்த உருண்டைப் பூமிச் சூத்திரம், அதாவது பெருவட்டக் கணக்குதான் வேண்டும்.

மேலே போன ஜெட் விமானம் மணிக்கு 850 கி.மீ. வாக்கில் பறக்கும். வகுத்தால் சுமார் 3 மணி 25 நிமிடம். மீதி முக்கால் மணி நேரம் எங்கே என்றால், டிக்கெட் நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரைக்கும். ஓடுபாதைக்கு உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குக் காத்திருப்பது, மெதுவாக ஏறி இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். அதனால் வகுத்து வந்ததோடு 40, 50 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றும் கொஞ்சம் விளையாடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து பலமாக வீசுவதால், போகும்போது எதிர்க்காற்று.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். 11-ஆம் தேதி நள்ளிரவு 12.15 என்று போட்டிருந்தால், 10-ஆம் தேதி இரவு 9 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 11-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

அம்மா முதல் தடவையாகத் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போனபோது, கைக்கடிகாரத்தை மாற்றத் தெரியாதே என்று கவலைப்பட்டார். மாற்றவே வேண்டாம் என்று சொல்லி, பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைத்துவிட்டேன்: “உன் வாட்ச்ல 3.15 ஆனா இறங்கணும். அப்போ அங்க 5.45, தங்கச்சி வெளியில நிப்பா.”